ஒரு ராத்திரி வளையல்

சகோதரிகளே, மாதர் சங்கத்துக் கண்காட்சியிலோ, அடுக்குமாடிக் குடியிருப்பின் தீபாவளிச் சந்தையிலோ நீங்களும் ஒரு முறையாவது ஸ்டால் போட்டிருப்பீர்கள். மேஜைக்கு விரிப்பு விரித்து, ஊறுகாய்ப் பாட்டில்களை அடுக்கி, சில்லறைக்குத் திண்டாடி, சாயங்காலம் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அநுபவம் இருக்குமல்லவா? அப்படியானால் கூவாகத்துத் திருவிழாக் கடைகளின் சங்கதியையும் கேளுங்கள்.

கூவாகம், உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகில் உள்ள சிற்றூர். 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை. கூவாகம் இருப்பது கிழக்கே, சமவெளியில். சித்திரை மாதத்தில் இங்குள்ள கூத்தாண்டவர் கோயிலுக்குப் பல மாநிலங்களிலிருந்தும் திருநங்கையர் வந்து சேர்கிறார்கள்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். அருச்சுனனுக்கும் நாககன்னிக்கும் பிறந்த அரவான், பாரத யுத்தத்தில் பாண்டவர் ஜயிப்பதற்காகக் களப்பலியாகச் சம்மதிக்கிறான். ஆனால் கல்யாணம் ஆகாமல் சாக அவனுக்கு மனமில்லை. மறுநாள் சாகப் போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கண்ணனே மோகினியாகி அவனுக்கு மாலையிட்டான். அந்த மோகினியாகத் தங்களைப் பாவித்துத் திருநங்கையர் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். வேண்டுதல் உள்ள ஆண்களும் கட்டிக்கொள்வதுண்டு. மறுநாள் தேரோட்டம் முடிந்ததும் தாலியை அறுத்து, வளையலை உடைத்து, வெள்ளைப் புடைவை உடுத்தி அழுகிறார்கள்.

சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் 2024-ல் காமிக் கான் என்ற ரசிகர் கூட்டம் நடந்தது. சித்திரக் கதை நாயகர்களைப் போல வேஷமிட்டுக்கொண்டு இளைஞர்கள் வந்தார்கள். அமெரிக்காவில் சான் டியாகோ நகரில் 1970 முதல் நடக்கும் வைபவம் இது. அங்கே கடை போடுகிறவருக்கு, எந்த நாயகனின் பொம்மை விலை போகும் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கூவாகத்தில் அவ்வளவு சுலபமில்லை. காமிக் கானில் வேஷம் போட்டுக்கொண்டு வருகிறார்கள். கூவாகத்துக்கு வருகிறவர்களிலோ, வீட்டுக்குப் பயந்து வருஷமெல்லாம் ஆண் வேஷம் போட்டு, அதைக் களைய வருகிறவர்களும் உண்டு.

அப்படி வந்த ஒருத்தி வளையல் கடை முன் தயங்கி நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி வளையலுக்கு இன்னும் பழைய அணாக் கணக்குத்தான். 2-8 என்றால் இரண்டு அங்குலம், அதோடு பதினாறில் எட்டுப் பங்கு. அதாவது இரண்டரை அங்குலம். நம்மில் பலருக்கு 2-4, 2-6, 2-8 சரியாக இருக்கும். அவளுக்கு 2-12 வேண்டியிருக்கலாம். கடைக்காரர், "உன் கைக்கெல்லாம் அளவு கிடையாது" என்று நாலு பேர் காதில் விழச் சொன்னால் என்ன ஆகும்? பஸ் ஏறி வந்த தைரியம் அத்தனையும் அந்த ஒரு வார்த்தையில் போய்விடாதா?

அதே கடைக்காரர், "வாங்கம்மா, கையை நீட்டுங்க" என்று சொல்லி, விரல்களைக் குவித்துப் பிடித்து, ஒன்றுகூட விரியாமல் ஒரு டஜனையும் ஏற்றிவிட்டால்? வளையலின் விலை ஒன்றுதான். ஆனால் "அம்மா" என்று கூப்பிட்டுத் தம் கையைப் பிடித்து வளையல் போட்டவரை யார் மறப்பார்கள்?

கடைக்காரருக்கும் கஷ்டம் உண்டு. பிரோசாபாத்திலிருந்து வரும் கண்ணாடிச் சரக்கில் வழியிலேயே உடைந்தது போக மீதிதான் காசு. தூக்கமில்லாத ஒரே ராத்திரியில் முதலை எடுக்கவேண்டும். கொரோனாவினால் 2020-லும் 2021-லும் விழா நடக்கவில்லை. அந்த ராத்திரியும் போயிற்று. ஆகவே, "நாளைக்கு உடைக்கப் போகும் வளையல்தானே, விரிசல் விட்டதைத் தள்ளிவிடலாம்" என்று சபலம் தட்டுவது இயற்கை. ஆனால் அந்த வளையல் கல்யாண வளையல் அல்லவா? நம் வீட்டுப் பெண்ணின் முகூர்த்தத்துக்கு விரிசல் விட்ட வளையலை நாம் வாங்குவோமா?

2008-ல் தமிழ்நாட்டு அரசு திருநங்கையருக்காக நல வாரியம் அமைத்தது. ஆண், பெண், மூன்றாம் பாலினம் என்று தம்மைத் தாமே சொல்லிக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று 2014 ஏப்ரல் 15-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. தீர்ப்பு புத்தகத்தில் இருக்கிறது. அது வீதிக்கு வந்ததா என்பது கடை வாசலில்தான் தெரியும்.

கூவாகத்துக்கு நாம் எல்லோரும் போகப் போவதில்லை. ஆனால் அடுத்த முறை நீங்கள் ஸ்டால் போடும்போது, முன்னால் தயங்கி நிற்கும் ஒருத்தியைக் கண்டால், பக்கத்து ஸ்டால்காரியைப் பார்த்துச் சிரிக்காமல், "வாங்கம்மா" என்று முதலில் கூப்பிடுங்கள். வளையல் வியாபாரமானால், 2-12 அளவிலும் இரண்டு டஜன் எடுத்து வையுங்கள்.