விபத்துக்கு ஓடினோம், மாணவனுக்கு?



தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தது என்று செய்தி வந்தால் நாம் என்ன செய்கிறோம்? போட்டது போட்டபடி கடையை விட்டு ஓடுகிறோம். நள்ளிரவானாலும் தர்மபுரிக்கோ சேலத்துக்கோ போய் நின்று இரத்தம் கொடுக்கிறோம். வாங்குகிறவர் எந்த மதம், எந்தச் சாதி என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அல்ஹம்துலில்லாஹ்! அந்த நற்பெயர் நமக்கு உண்டு.

ஆனால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை இரத்தம் ஏற்றினால்தான் உயிர் தங்கும் என்ற நிலையில் நம் ஊர்ப் பையன் ஒருவன் தினமும் சேலத்துக்குப் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகிறானே, அவனுக்காக என்றைக்காவது ஓடியிருக்கிறோமா?

அவனுக்குத் தலசீமியா. தகப்பனார் நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். இது பிறவியிலேயே வருவது, யாருக்கும் தொற்றாது. தேவையான ஹீமோகுளோபினை உடம்பு உண்டாக்காது. அதனால் பிறர் இரத்தம் வேண்டும். ஏற்றிய இரத்தத்தின் இரும்புச்சத்து இதயத்திலும் கல்லீரலிலும் படியும். அதை வெளியேற்றத் தனி மருந்து. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தால் படிக்கலாம், சம்பாதிக்கலாம், குடும்பம் நடத்தலாம்.

அவன் என்னிடம் வந்து அழுதது நோயைச் சொல்லி அல்ல, வருகைப் பதிவேட்டைச் சொல்லி! வியாபாரிகளே, நீங்களே கணக்குப் போடுங்கள். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள். 75 சதவீதம் வருகை வேண்டும் என்றால் 22 நாள்தான் விடுப்பு. பொருத்தம் பார்க்க ஒரு நாள், ஏற்ற ஒரு நாள் என்று 6 முறைக்கு 12 நாள் போய்விடும். இரத்தம் கிடைக்காமல் அலைந்தால் இரண்டு நாள் நான்கு நாளாகும். நடுவில் ஒரு காய்ச்சல் வந்தால் தேர்வு எழுத முடியாது. "பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாய்?" என்று ஒரு பேராசிரியர் கேட்டாராம். கல்லூரியின் பெயர் வேண்டாம். இந்தக் கேள்வி ஒரு கல்லூரிக்கு மட்டும் சொந்தமல்ல.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் நோய் மூன்றும் உண்டு. 40 சதவீதம் என்று சான்று பெற்றவர்களுக்கு அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடம். ஆனால் அதே சட்டம் அரசு வேலைக்கு 4 சதவீதம் ஒதுக்கும்போது இந்த மூன்றையும் விட்டுவிட்டது! படிக்க இடம் கொடுத்துவிட்டு வேலைக்குக் கதவைச் சாத்துவது என்ன நீதி? இதை நம் மேடைகளில் கேட்டாக வேண்டும்.

கல்லூரிகளிடம் நாம் கேட்பது பெரிய செலவுள்ள காரியமல்ல. இரத்தம் ஏற்றும் நாளை வருகையாகக் கணக்கிடட்டும். ஹீமோபிலியா மாணவனுக்கு மூட்டுக்குள் இரத்தம் கசியும், அவன் வகுப்பைத் தரைத்தளத்தில் வைக்கட்டும். அவனுடைய ஃபாக்டர் மருந்தை வைக்க விடுதியில் ஒரு குளிர்பெட்டி இருக்கட்டும். அரிவாள் செல் மாணவனுக்குத் தண்ணீர் குறைந்தால் உயிர்போகும் வலி வரும், தேர்வறையில் அவன் பாட்டிலைப் பிடுங்காதிருக்கட்டும்.

அரசுக் கல்லூரிக்கு மனுக் கொடுக்குமுன் நம் வீட்டைப் பார்ப்போம். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இலும், திருச்சி ஜமால் முகமது கல்லூரி 1951இலும் எழுந்தது யாருடைய பணத்தில்? வியாபாரிகள் பணத்தில்! இன்று நம் சமுதாயக் கல்லூரிகளின் நிர்வாகக் குழுக்களில் இருப்போரிலும் உங்களைப் போன்ற வியாபாரிகள் உண்டு. அடுத்த கூட்டத்தில் இதைப் பேசச் சொல்லுங்கள்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஓர் ஆண் 3 மாதத்துக்கு ஒரு முறை இரத்தம் கொடுக்கலாம். ஒவ்வொரு முறையும் 2 யூனிட் தேவைப்படும் மாணவனுக்கு, முறை வைத்துக் கொடுக்க 10 பேர் போதும். விபத்துக்கு ஓடும் வேகம் இதற்கு வேண்டாம், தேதி தவறாமை வேண்டும். ரமலானில் நம் கொடையாளர் பட்டியல் சுருங்கிவிடுகிறது. நோய்க்கு ரமலான் தெரியாது. அந்த மாதத்தில் இஃப்தாருக்குப் பின் கொடுக்க இரத்த வங்கியிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

நம் பையனுக்கு ஓ பாசிட்டிவ். சென்ற ஜுமுஆவுக்குப் பின் பெயர் எழுதினோம். இதுவரை 6 பேர். அடுத்த முறைக்கு இன்னும் 11 நாள் இருக்கிறது.