வாரண்டி முடிய 2 நாள்; கார் மக்கர்! பில்லை யார் கட்டுவது?

சென்னையில் பழைய கார் வியாபாரம் முன்னைப்போல் இல்லை. ஒரு காலத்தில் புரோக்கர் கை காட்டிய வண்டியை எடுத்து, புதுப்பேட்டையில் சாமான் வாங்கிப் போட்டு, தெரிந்த மெக்கானிக்கை நம்பி ஓட்டினார்கள். வாரண்டி என்ற பேச்சே கிடையாது. இப்போது ஏ.சி. ஷோரூமில் உட்கார வைத்து, காபி கொடுத்து, “6 மாதம் வாரண்டி, 1 வருடம் வாரண்டி” என்று எழுதியே கொடுக்கிறார்கள்.

அந்தக் காகிதம் காலாவதி ஆகப்போகிற கடைசி வாரத்தில்தான் சண்டை வெடிக்கிறது!

வெள்ளிக்கிழமை விவகாரம்

ஒரு குமாஸ்தா 4½ லட்சம் ரூபாய்க்குப் பழைய கார் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமையோடு வாரண்டி முடிகிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது எஞ்சின் உறுமுகிறது, வண்டி ஏற மறுக்கிறது. கிளட்ச் வழுக்குகிறது.

சர்வீஸ் சென்டருக்குப் போன் போடுகிறார். “இன்னிக்கு ஆள் இல்ல சார். திங்கட்கிழமை கொண்டு வாங்க, பாத்துக்கலாம்” என்று பதில் வருகிறது. மனுஷர் நம்பிவிடுகிறார்.

திங்கட்கிழமை போனால், “வாரண்டி நேத்தோட முடிஞ்சு போச்சே சார்!” என்று கையை விரிக்கிறார்கள். எஸ்டிமேட் 18 ஆயிரம் ரூபாய்!

இந்த இடத்தில் சத்தம் போட்டுப் பிரயோசனம் இல்லை. கோளாறைப் பற்றிய புகார் எந்தத் தேதியில் எழுத்தில் பதிவானது என்பதுதான் கேள்வி. வண்டியை என்றைக்குப் பிரித்தார்கள் என்பது அல்ல. வாரண்டி உயிரோடு இருக்கும்போதே பழுது வந்தது, அப்போதே சொன்னேன் என்று காட்ட முடிந்தவர் கை ஓங்கும். போனில் சொன்னவரிடம் காட்ட என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை ராத்திரியே வாட்ஸ்அப்பிலோ ஈ-மெயிலிலோ வண்டி நம்பர், என்ன கோளாறு, எத்தனை கிலோ மீட்டர் ஓடியது என்று எழுதி அனுப்பியிருக்க வேண்டும். மீட்டரையும் படம் பிடித்துச் சேர்க்க வேண்டும். தேதி, கிலோ மீட்டர் இரண்டில் எது முந்துகிறதோ அதோடு முடியும் வாரண்டிகள் உண்டு.

ஜாப் கார்டிலும் உஷார்! “ஜெனரல் செக்கப்” என்று கிறுக்கித் தந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். “மேட்டில் கிளட்ச் வழுக்குகிறது, அடியில் ஆயில் கசிகிறது” என்று எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள்.

தேய்மானம் என்ற ஆயுதம்

தேதியில் தப்பினாலும் அடுத்த அடி காத்திருக்கிறது. “கிளட்ச் பிளேட் தேய்மானச் சாமான் சார். வாரண்டில வராது.”

இது பொய் அல்ல. கிளட்ச் பிளேட், பிரேக் பேட், டயர், வைப்பர் எல்லாம் ஓட ஓடத் தேய்கிறவை. பெரும்பாலான வாரண்டிகளில் இவற்றுக்கு இடம் இல்லை. 8 வருடம் ஓடிய வண்டிக்குப் புதுச் சாமான் இனாமாக வேண்டும் என்று அடம் பிடிப்பதும் நியாயம் ஆகாது.

ஆனால் பிளேட் ஏன் வழுக்கியது? எஞ்சினுக்குப் பின்னால், கிராங்க் தண்டைச் சுற்றி ஓர் ஆயில் சீல் இருக்கிறது. அது விட்டுப்போனால் எஞ்சின் ஆயில் கசிந்து பிளேட்டை நனைக்கும். நனைந்தால் நல்ல பிளேட்டும் வழுக்கும். பிளேட் தேய்ந்து மெலிந்திருந்தால் அது சொந்தக்காரர் தலையில் விழும் செலவு. தடிமன் அப்படியே இருந்து, எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தால் குற்றவாளி சீல்தான்! சீல் கிடையாது என்று வாரண்டி காகிதத்தில் விலக்கி எழுதவில்லையானால், எஞ்சினுக்கு வாரண்டி தந்தவரே அந்தப் பிளேட்டுக்கும் பதில் சொல்லட்டும் என்று கேட்கலாம்.

ஆகவே பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். படம் எடுங்கள். காசு கொடுத்து மாற்றினால் கழற்றிய சாமானைக் கேட்டு வாங்குங்கள். அது காயலான் கடைக்குப் போய்விட்டால் பிறகு பரிசோதிக்க ஒன்றும் இருக்காது.

இன்னொரு சாக்கு, “தண்ணி புகுந்த வண்டி சார்” என்பது. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் வெள்ளத்திலும் நகரில் எத்தனை கார்கள் முங்கின என்று பார்த்தோம். அந்தத் தண்ணீர் விற்றவர் கையில் இருந்தபோது புகுந்ததா, வாங்கியவர் கையில் புகுந்ததா?

சாவி கிடைக்காது

பணம் கட்டாமல் காரை எடுக்க முடியுமா? கஷ்டம். வேலை செய்தவர் கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைக்கலாம் என்று 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு சொல்கிறது. வாடிக்கையாளர் ஒப்படைத்த வேலைக்குத்தான் இந்த உரிமை. எனவே போனில் “சரி, செஞ்சிடுங்க” என்று வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள்.

வண்டி உடனே வேண்டும் என்றால், “ஆட்சேபத்தோடு பணம் கட்டுகிறேன்” என்று பில்லிலேயே எழுதிக் கட்டிவிட்டு, பிறகு வழக்குப் போடுவதுதான் புத்தி. பில் தர மறுத்தால் அதுவே 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

கோர்ட்டுக்குப் போனால்...

முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லிப் பார்க்கலாம். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. 10 லட்சம் வரை 200 ரூபாய். காரை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும், தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். வாரண்டி முடிந்துவிட்டதே என்று பதற வேண்டாம். தகராறு எழுந்த நாளிலிருந்து 2 வருடம் அவகாசம் உண்டு.

3 மாதத்தில் தீர்ப்பு, பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பினால் 5 மாதம் என்று சட்டத்தில் இருக்கிறது. நடப்பில் வாய்தா மேல் வாய்தா. 3 ஆயிரம் ரூபாய் பில்லுக்கு அத்தனை அலைச்சல் தேவையா என்பதை அவரவர் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பழைய கார் வாங்கி டாக்சி ஓட்டுகிறவர்களை, “இவர் வியாபாரத்துக்கு வாங்கினவர், நுகர்வோரே இல்லை” என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கப் பார்ப்பார். தன் பிழைப்புக்காகத் தானே ஓட்டுகிறவரைச் சட்டம் நுகர்வோராகத்தான் ஏற்கிறது. பத்து வண்டி வாங்கி ஆள் போட்டு ஓட்டும் முதலாளிக்குத்தான் அந்தக் கதவு திறக்காது.