வீரவணக்கம் போதும், நடந்ததைச் சொல்லுங்கள்

ஒரு போலீஸ்காரர் பணியில் இருக்கும்போது கொல்லப்பட்டால் அடுத்து என்னென்ன நடக்கும் என்று சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் யாரைக் கேட்டாலும் வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். பிளெக்ஸ் பேனர் வரும். அதில் கறுப்பு பார்டர், எரியும் மெழுகுவர்த்தி, 'வீரவணக்கம்'. குண்டுகள் முழங்க அரசு மரியாதை. அமைச்சர் வருவார், காசோலை வரும், டிவி கேமரா வரும். பத்து நாள் கழித்து அந்த பேனர் யார் வீட்டுத் திண்ணைக்கோ வெயில் மறைப்பாகப் போய்விடும்.

சரி, ஒரு சின்ன பரீட்சை. 2021 நவம்பரில் திருச்சி பக்கம் ஒரு எஸ்.எஸ்.ஐ. வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் பெயர் என்ன?

பெரும்பாலானவர்களுக்கு "ஆடு திருடனுங்க வெட்டுனாங்களே, அவரா?" என்பது வரைக்கும்தான் வரும். ஆடு ஞாபகம் இருக்கிறது, ஆள் பெயர் ஞாபகம் இல்லை! இத்தனை பேனர், இத்தனை குண்டு முழக்கம், இத்தனை இரங்கல் அறிக்கைக்குப் பிறகும் மிச்சம் இவ்வளவுதான் என்றால், அஞ்சலி செலுத்தும் முறையிலேயே ஏதோ கோளாறு இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அவர் பெயர் பூமிநாதன். நவல்பட்டு காவல் நிலைய சிறப்பு உதவி ஆய்வாளர். நவம்பர் 20 இரவு ரோந்து, விடிந்தால் 21. பைக்கில் ஆடுகளோடு போனவர்களைப் பார்த்துத் துரத்தினார். கூட வந்த ஏட்டு வேறு பைக்கில் இருந்தார், பின்தங்கிவிட்டார். துரத்தல் மாவட்ட எல்லையைத் தாண்டி புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் பக்கம் போய், பள்ளத்துப்பட்டி அருகே முடிந்தது. பிடித்தும் விட்டார். உதவிக்கு ஆள் கேட்டார். ஆள் வருவதற்குள் வெட்டிவிட்டார்கள். கைதானவர்களில் ஒருவனுக்கு 19 வயது, மற்ற இருவரும் சிறுவர்கள்.

பிடிபட்டவர்களில் ஒருவனுடைய அம்மாவிடம் அந்த நேரத்திலும் அவர் போனில் பேசியிருக்கிறார் என்று அப்போது டிஜிபியாக இருந்த சைலேந்திர பாபு சொன்னார். இந்த ஒரு தகவலில் அந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்பது தெரிகிறது. அர்த்த ராத்திரியில், தனியாக, பிடித்த பையன்களின் வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தவர். 'வீரம்' என்ற வார்த்தை இதைச் சொல்லுமா? எந்த பேனரிலாவது இது இருந்ததா?

மறைந்த காவலரைப் பற்றி அவர் கூட வேலை பார்த்தவர்களும் நண்பர்களும் சொல்வதில்தான் விஷயமே இருக்கிறது. ஆனால் அவர்கள் அழலாம், கேள்வி கேட்கக் கூடாது. மேடையில் "தங்கமான மனுஷன்" என்று சொல்லலாம். "அன்னைக்கு ராத்திரி அவரை ஏன் தனியா விட்டீங்க?" என்று கேட்க முடியாது.

இது ஏதோ கூச்சத்தால் வந்த பழக்கம் இல்லை, சட்டமே இருக்கிறது. 1966ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய காவல் படைகள் (உரிமைகள் கட்டுப்பாடு) சட்டத்தின்படி ஒரு போலீஸ்காரர் அனுமதி இல்லாமல் பத்திரிகைக்குப் பேசக் கூடாது, புத்தகமோ கடிதமோ வெளியிடக் கூடாது. கடமையின் பகுதியாகச் சொல்வதற்கும், முழுக்க இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்ததற்கும் மட்டும் விலக்கு உண்டு. அதாவது இறந்துபோன நண்பனைப் பற்றி ஒரு போலீஸ்காரர் கவிதை எழுதலாம். அவன் கையில் ஏன் துப்பாக்கி இல்லை என்று எழுதினால் குற்றம். நல்ல சட்டம்!

பக்கத்து கேரளாவில் 1979லிருந்து போலீசாருக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அங்கே வானம் இடிந்து விழுந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் சங்கம் என்று வாயெடுத்தாலே ஒழுங்கு நடவடிக்கை பயம்.

கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றிரண்டா?

2020 ஜனவரி 8. களியக்காவிளை சோதனைச் சாவடி. கேரள எல்லை. எஸ்.எஸ்.ஐ. வில்சன் தனியாக இருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். ஓய்வு பெற சில மாதங்களே பாக்கி. மாநில எல்லையில் உள்ள ஒரு சாவடியில் அந்த வயதில் ஒருவர் இரவில் ஏன் தனியாக இருந்தார்? வழக்கை என்.ஐ.ஏ. எடுத்தது, குற்றவாளிகள் யார், எந்த அமைப்பு என்று பக்கம் பக்கமாகச் செய்தி வந்தது. சாவடியில் எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும் என்பதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

அதே வருடம் ஆகஸ்ட் 18. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு ரவுடியைப் பிடிக்கப் போன காவலர் சுப்பிரமணியன் வெடிகுண்டு வீச்சில் இறந்தார். வில்சன் குடும்பத்துக்கு அரசு அறிவித்தது 1 கோடி ரூபாய். சுப்பிரமணியன் குடும்பத்துக்கு அறிவித்தது 50 லட்சம். அதே அரசு, அதே முதல்வர், ஏழு மாத இடைவெளி. 2021ல் ஆட்சி மாறியது, பூமிநாதன் குடும்பத்துக்கு 1 கோடி. ஒரு உயிருக்கு இது, இன்னொரு உயிருக்கு அது என்று எந்தத் தராசில் நிறுத்தார்கள்? டிவியில் எத்தனை நாள் ஓடியது என்பதுதான் தராசு என்று சந்தேகப்பட்டால் அது தப்பா?

2017 டிசம்பர் 13. சென்னை கொளத்தூர் நகைக்கடைக் கொள்ளையர்களைத் தேடி ராஜஸ்தான் பாலி மாவட்டத்துக்குப் போன இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன் இறந்தார். 'தீரன் அதிகாரம் ஒன்று' வெளியாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதனால் உடனே 'நிஜ தீரன்' என்று பட்டம் கொடுத்து, கொள்ளையன் சுட்டான் என்று கதையை முடித்துவிட்டார்கள். பிறகு ராஜஸ்தான் போலீஸ் விசாரணையில் வேறு விஷயம் வந்தது: கூடப் போன அதிகாரியின் துப்பாக்கியிலிருந்து தவறுதலாகப் பாய்ந்த குண்டு என்றார்கள். இதனால் பெரியபாண்டியன் சின்னவர் ஆகிவிட்டாரா? துளியும் இல்லை. சொந்த ஊரில் அரசுப் பள்ளிக்கு நிலம் கொடுத்தவர் அவர். ஆனால் சினிமா கதைக்கு அந்தக் குண்டு ஒத்துவரவில்லை, அதனால் கூட்டம் கலைந்துவிட்டது. வேறு மாநிலத்துக்குப் போகும் தனிப்படைக்கு என்ன பயிற்சி, என்ன பாதுகாப்பு, உள்ளூர் போலீசோடு என்ன ஒருங்கிணைப்பு என்ற கேள்விகளும் அந்தக் கூட்டத்தோடு கலைந்துவிட்டன.

2010 ஜனவரி 7. ஆழ்வார்குறிச்சி அருகே உதவி ஆய்வாளர் வெற்றிவேல், வேறொரு அதிகாரி என்று ஆள் மாறி வெட்டப்பட்டார். ரத்த வெள்ளத்தில் கிடந்தவரைத் தாண்டிப் போக முடியாமல் அமைச்சர்களின் கார்கள் நின்றன. உதவி கேட்டு அவர் கை அசைத்ததும், சுற்றி நின்றவர்கள் தயங்கியதும் வீடியோவில் பதிவானதால்தான் நாடே கேள்வி கேட்டது. கேமரா மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்? அங்கேயும் ஒரு 'வீரவணக்கம்' பேனரோடு முடிந்திருக்கும்.

உண்மையைச் சொன்னால் இறந்தவருக்கு அவமானம், படைக்கு மனச்சோர்வு என்று உயர் அதிகாரிகள் சொல்வது வழக்கம். மும்பையைப் பாருங்கள். 2008 நவம்பர் 26 இரவு கிர்காவ் சௌபாட்டியில் துக்காராம் ஓம்ப்ளே வெறும் லத்தியோடு போய் கசாபின் ஏ.கே.47 குழலைப் பிடித்துக்கொண்டார். குண்டுகளை உடம்பில் வாங்கினார், கூட இருந்தவர்கள் கசாபை உயிரோடு பிடித்தார்கள். இது எப்படி இவ்வளவு துல்லியமாக எல்லோருக்கும் தெரியும்? கூட நின்ற போலீசார் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். தீவிரவாதி வரும் சாலையில் லத்தியோடு நின்ற கொடுமையும் அதே சாட்சியத்தில்தான் வெளியே வந்தது. ஓம்ப்ளேவின் பெருமை அதனால் குறைந்ததா, கூடியதா?

அதே இரவில் இறந்த அதிகாரி அசோக் காம்டேயின் மனைவி வினிதா காம்டே இன்னும் ஒரு படி மேலே போனார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் போலீஸ் கட்டுப்பாட்டு அறையின் பதிவுகளைக் கேட்டு வாங்கினார். யார் எப்போது அழைத்தார்கள், உதவி ஏன் தாமதமானது என்று கேட்டு 2009ல் புத்தகமாகவே வெளியிட்டார். நினைவஞ்சலி என்றால் இது நினைவஞ்சலி. மற்றதெல்லாம் பூக்கடைக்கு வியாபாரம்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வரும். அதுவும் நியாயமான கோபம்தான். "சாத்தான்குளத்தில் அப்பனையும் மகனையும் அடித்தே கொன்ற துறைக்கு எதற்கு அழ வேண்டும்?" என்பார்கள். கள்ளக்குறிச்சிக்காரர்களுக்குக் கேட்க இன்னும் பக்கத்திலேயே காரணம் இருக்கிறது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மாவட்டத் தலைநகரின் நடுவிலேயே, போலீஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே சாராயம் விற்றது யாருக்கும் தெரியாது என்று சொன்னால் கல்வராயன் மலையே சிரிக்கும். எஸ்.பி. சஸ்பெண்ட் ஆனார், வழக்கு சிபிஐக்குப் போனது.

ஆனால் சாத்தான்குளம் எப்படி வெளியே வந்தது என்று யோசித்துப் பாருங்கள். 2020 ஜூனில் அந்த ஸ்டேஷனிலேயே வேலை பார்த்த தலைமைக் காவலர் ரேவதி, விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் நடந்ததைச் சொன்னார். அதுவும் ஒரு போலீஸ்காரரின் நினைவுதான்! தன் துறையில் நடந்ததைக் கண்ணால் பார்த்து, பயத்தை மீறிச் சொன்ன நினைவு. வில்சன் ஏன் தனியாக இருந்தார் என்று சொல்ல முடியாமல் அடைக்கப்பட்ட வாயும், லாக்கப்பில் நடப்பதைச் சொல்ல முடியாமல் அடைக்கப்பட்ட வாயும் ஒரே வாய். அந்தப் பூட்டைத் திறந்தால் இரண்டும் வெளியே வரும். போலீஸ்காரருக்காக அழுவதா, போலீசால் செத்தவருக்காக அழுவதா என்று கட்சி பிரிந்து சண்டை போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

துக்கத்தை வெறும் வீரமாக மாற்றினால் வேறொரு ஆபத்தும் உண்டு. 1980 ஆகஸ்ட் 6ல் திருப்பத்தூரில் இன்ஸ்பெக்டர் பழனிச்சாமியும் உடன் இருந்த காவலர்களும் நக்சலைட் குண்டுவீச்சில் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு நடந்த வேட்டைக்கு அவருடைய சின்ன மகளின் பெயரையே வைத்தார்கள்: ஆபரேஷன் அஜந்தா. 'மோதல்' என்ற பெயரில் பல இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டது பற்றி இன்று வரை கேள்விகள் ஓயவில்லை. அப்பாவை இழந்த ஒரு குழந்தையின் பெயரைத் துப்பாக்கிக்கு வைப்பது என்ன வகை அஞ்சலி?

வருடா வருடம் அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாள். 1959ல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படை தாக்கியதில் இறந்த 10 போலீசாரின் நினைவாக வந்த நாள். அன்று நாடு முழுக்க அந்த வருடம் பணியில் இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கிறார்கள். பெயர், பதவி, ஊர். அவ்வளவுதான். எப்படி இறந்தார், எத்தனை மணி நேரம் தொடர்ந்து டியூட்டியில் இருந்தார், உதவி கேட்டாரா, கேட்டு எத்தனை நிமிடத்தில் வந்தது? அந்தப் பட்டியலில் இதற்கு இடமில்லை.

பூமிநாதன் இறந்த பிறகு, இரவு ரோந்துக்குப் போகிறவர்கள் துப்பாக்கி எடுத்துப் போக வேண்டும், தற்காப்புக்குப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம் என்று டிஜிபி சொன்னார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அங்கே நடந்ததை மறுபடி படியுங்கள். எதிரே இருந்தவர்களில் இருவர் சிறுவர்கள். துப்பாக்கி இருந்திருந்தால் செத்தது ஒருவேளை ஒரு சிறுவனாக இருந்திருக்கும், அதற்கு விசாரணைக் கமிஷன் வந்திருக்கும். அந்த இரவில் அவருக்குத் தேவைப்பட்டது பைக்கின் பின் சீட்டில் இன்னொரு போலீஸ்காரர். அதைக் கொடுக்க ஆள் எடுக்க வேண்டும், சம்பளம் கொடுக்க வேண்டும். துப்பாக்கி எடுத்துப் போ என்று சொல்ல ஒரு பேட்டி போதும்.

இதெல்லாம் சங்கராபுரத்துக்கு ஏன்? விடியற்காலையில் ஏதாவது ஒரு பள்ளி மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் பலர் உங்களோடு படித்தவர்கள். நாளைக்கு அவர்களில் யாராவது கல்வராயன் மலை ஓடைகளில் சாராய ஊறலைத் தேடி இரவில் நடக்கலாம், ஏதோ ஒரு சாவடியில் தனியாக நிற்கலாம். அந்தப் பையனின் பெயர் ஒரு அக்டோபர் 21ல் வாசிக்கப்படாமல் இருக்க வேண்டுமென்றால், ஏற்கெனவே வாசிக்கப்பட்ட பெயர்களுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பணியில் ஒரு காவலர் கொல்லப்பட்டால் மூன்று மாதத்துக்குள் அறிக்கை வெளியிடுங்கள்: யார் கூட இருந்தார், யார் இருந்திருக்க வேண்டும், உதவி எப்போது வந்தது. கூட வேலை பார்த்தவர்கள் சொல்வதை அவர்கள் மேல் நடவடிக்கை பாயாது என்ற உறுதியோடு அதில் சேருங்கள். உதவித்தொகையை டிவி பார்த்துத் தீர்மானிக்காமல் எல்லோருக்கும் ஒன்றாக்குங்கள்.

இதைச் செய்த பிறகு குண்டு முழங்குங்கள், மலர் வளையம் வையுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை. செய்யாதவரைக்கும் அந்த குண்டுச் சத்தம், கேள்வி கேட்கிறவன் குரல் வெளியே கேட்காமல் இருக்கத்தான் பயன்படும்.