கட்டி வைத்துச் சுடுவதா போர்?

வேலூர்க் கோட்டையைப் பார்க்காத குடும்பம் நம் பக்கத்தில் உண்டா? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் தொழில் நடக்கும் ஊர்களில் இருந்தெல்லாம் விடுமுறை நாளில் சோற்று மூட்டையோடு வந்து இறங்குகிறார்கள். அகழியைப் பார்க்கிறார்கள். ஜலகண்டேசுவரரைக் கும்பிடுகிறார்கள். பிள்ளைகள் புல்வெளியில் திருடன் - போலீஸ் ஆடுகிறார்கள்.

அந்த விளையாட்டில் ஒரு சட்டம் உண்டு. பிடிபட்டவனை அடிக்கக் கூடாது. அடித்தால் மற்றப் பிள்ளைகள் சும்மா விடமாட்டார்கள். "அழுகுணி ஆட்டம்!" என்று கத்துவார்கள்.

பச்சைப் பிள்ளைக்குத் தெரிந்த இந்த நியாயம், 1806-ஆம் ஆண்டு இதே கோட்டைக்குள் பெரிய மனிதர்களுக்குத் தெரியாமல் போயிற்று.

தொப்பியில் தோல்

அப்போது கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை இருந்தது. இந்தியச் சிப்பாய்கள் சுமார் 1,500 பேர். வெள்ளைச் சிப்பாய்கள் சுமார் 380 பேர். திப்பு சுல்தானின் பிள்ளைகளும் அங்கேதான் காவலில் இருந்தார்கள்.

சிப்பாய்களுக்கு ஒரு புது உத்தரவு வந்தது. நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடியை மழிக்க வேண்டும். தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும்.

அது மாட்டுத் தோலா, பன்றித் தோலா? இந்துவுக்கும் சந்தேகம். முஸ்லிமுக்கும் சந்தேகம். மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது.

ஜூலை 10-ஆம் தேதி, விடிவதற்கு முன்பே கலகம் வெடித்தது.

தூங்கியவர்களும் நோயாளிகளும்

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிப்பாய்களின் கோபம் நியாயமானது. ஆனால் அன்று இரவு அவர்கள் செய்தது எல்லாம் நியாயம் அல்ல. படுக்கையில் இருந்த வெள்ளைச் சிப்பாய்களைச் சுட்டார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்த நோயாளிகளையும் விடவில்லை. வெள்ளையரில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

"அவர்கள் நம் நாட்டைப் பிடித்தவர்கள்தானே?" என்று கேட்கலாம். பிடித்தவர்கள்தான். ஆனாலும் காய்ச்சலில் படுத்துக் கிடப்பவன் எதிரி அல்ல, நோயாளி. இதை நாம் ஒப்புக்கொண்டால்தான், அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்க நமக்கு வாய் இருக்கும்.

டப்பாக் குண்டு

செய்தி ஆற்காட்டுக்குப் பறந்தது. அங்கிருந்து கர்னல் கில்லெஸ்பி குதிரைப் படையோடும் பீரங்கிகளோடும் வந்தார். கோட்டைக் கதவு உடைந்தது. காலையிலேயே கலகம் அடங்கிவிட்டது.

அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சிப்பாய்கள் நூறு பேருக்கு மேல் வெளியே இழுத்து வரப்பட்டார்கள். ஒரு சுவரின் அடியில் நிறுத்தப்பட்டார்கள். விசாரணை இல்லை. சாட்சி இல்லை. எதிரே பீரங்கிகள். அவற்றில் டப்பாக் குண்டுகள்.

டப்பாக் குண்டு என்றால் என்ன? ஒரு தகர டப்பாவுக்குள் சின்னச் சின்ன ஈயக் குண்டுகளை நிறைத்திருப்பார்கள். பீரங்கி வெடித்ததும் டப்பா கிழியும். குண்டுகள் விசிறி போல விரிந்து பாயும். ஓடி வரும் ஒரு படையையே தடுத்து நிறுத்துவதற்காகச் செய்த ஆயுதம் அது. அதைத்தான் கைதிகள் மீது சுட்டார்கள். கடைசி ஆள் விழும் வரை சுட்டார்கள்.

அந்தக் காட்சியை நேரில் பார்த்தவர் பிளாக்கிஸ்டன் என்ற வெள்ளை அதிகாரி. 1829-இல் வெளியான தம் நினைவுகளில் இதை எழுதியிருக்கிறார். அன்றைக்கு அதை ஏறக்குறைய மனம் கலங்காமலே பார்த்தாராம். சரியான தண்டனை என்றே நினைத்தாராம். ஆனால் இத்தனை காலம் கழித்து எண்ணிப் பார்த்தால் அதைச் சரி என்று சொல்ல முடியவில்லை என்கிறார். அன்று தமக்கு எப்படி அந்த மனம் வந்தது என்றே புரியவில்லை என்கிறார்.

சுட்ட பக்கத்தில் நின்றவரே இப்படி எழுதினார் என்றால், அதற்கு மேல் நாம் என்ன சொல்ல?

பீரங்கி வாயில்

அதோடு முடியவில்லை. பிறகு விசாரணை நடந்தது. எட்டுப் பேரைத் தூக்கில் போட்டார்கள். ஐந்து பேரைத் துப்பாக்கியால் சுட்டார்கள். ஐந்து பேரை நாடு கடத்தினார்கள். ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டி வெடித்தார்கள்.

இந்தத் தண்டனையை வெள்ளைக்காரர் கண்டுபிடிக்கவில்லை. மொகலாயர் காலத்திலேயே இருந்தது. ஆனால் கம்பெனிக்காரர்கள் அதை விடாமல் கையாண்டார்கள். 1764-இல் வடக்கே ஹெக்டர் மன்றோ செய்தார். 1857 பெருங்கலகத்தின்போது ஊர் ஊராகச் செய்தார்கள். அரசு மகாராணியின் கைக்குப் போன பிறகும், 1872-இல் பஞ்சாபில் மலேர்கோட்லாவில் நாம்தாரி சீக்கியர்களை அப்படித்தான் கொன்றார்கள்.

உயிர் போவது ஒரு நொடியில்தான். பிறகு ஏன் இதைக் கொடுமை என்கிறோம்? உடல் மிஞ்சாது. மகன் கொள்ளி வைக்க முடியாது. உறவினர் கப்ரில் இறக்க முடியாது. வீட்டில் காத்திருக்கும் தாய்க்குக் கடைசி முகம் கிடையாது. செத்தவனை மட்டும் அல்ல, அவன் குடும்பத்தையும் சேர்த்துத் தண்டிக்கும் ஆயுதம் அது.

சட்டம் உண்டு, ஆனால்...

போரில் எந்த ஆயுதம் ஆகும், எது ஆகாது என்ற பேச்சு இன்று நேற்று வந்ததல்ல. நச்சு தடவிய அம்பும், கொக்கி வைத்த அம்பும், நெருப்பு அம்பும் கூடாது என்று மனு சாத்திரம் சொல்கிறது. பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி, அம்பு விடுவதற்கு முன்பே பசுக்களையும், அந்தணரையும், பெண்களையும், நோயாளிகளையும், பிள்ளை இல்லாதவர்களையும் பாதுகாப்பான இடத்துக்குப் போகச் சொல்வான் என்று புறநானூறு புகழ்கிறது.

1139-இல் ஐரோப்பாவில் கிறிஸ்தவ குருமார் ரோமில் கூடி, விசை வில்லைத் தடுத்தார்கள். ஆனால் எப்படி? கிறிஸ்தவர் மீது அதை விடக் கூடாது என்றார்கள். மற்றவர் மீது விடலாமா என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை.

1899-இல் ஹேக் நகரில் நாடுகள் கூடின. உடம்புக்குள் போனதும் விரிந்து கிழிக்கும் குண்டுகளைத் தடை செய்தன. அந்தக் குண்டுக்குப் பெயர் 'டம்டம்'. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உள்ள டம்டம் ஊர் ஆயுதசாலையில் செய்ததால் வந்த பெயர் அது. பிரிட்டன் அன்று கையெழுத்துப் போடவில்லை. "எல்லைப்புறத்து முரட்டு ஜாதிகள் சாதாரணக் குண்டுக்கு விழமாட்டார்கள்" என்று வாதாடியது. 1907-இல்தான் ஒப்புக்கொண்டது.

வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். "கூடாது" என்று எழுதுகிறார்கள். உடனே பக்கத்தில் "ஆனால்" என்று ஒரு சொல்லைச் சேர்க்கிறார்கள். ஆனால் அவன் வேறு மதம். ஆனால் அவன் வேறு நிறம். ஆனால் அவன் கலகக்காரன். வேலூர்ச் சுவரடியில் நின்றவர்கள் அந்த "ஆனால்" என்ற சொல்லுக்குத்தான் பலியானார்கள்.

மண்ணுக்குள் இருக்கும் எமன்

இது பழைய கதை என்று பேப்பரை மடித்துவிட வேண்டாம். நச்சுப் புகையை 1925-இல் ஜெனீவாவில் தடுத்தார்கள். ரசாயன ஆயுதத்தை அடியோடு ஒழிக்க 1993-இல் ஒப்பந்தம் வந்தது. இந்தியா அதில் சேர்ந்தது. தன்னிடம் இருந்த ரசாயன ஆயுதங்களை 2009-க்குள் அழித்தும் விட்டது. பெருமைப்பட வேண்டிய செய்தி!

ஆனால் கண்ணிவெடி? மண்ணில் புதைத்துவிட்டால் அதற்கு ஆள் தெரியாது. மிதிப்பது சிப்பாயா, ஆடு மேய்க்கும் சிறுமியா என்று பார்க்காது. சண்டை முடிந்ததும் அதற்குத் தெரியாது. இலங்கையின் வடக்கே போர் 2009-இல் முடிந்தது. அதற்குப் பிறகும் எத்தனையோ ஆண்டுகள் தமிழ்ப் பெண்கள் மண்டியிட்டு, மண்ணைச் சாண் சாணாகக் கிளறி வெடிகளை எடுத்தார்கள்.

கண்ணிவெடியைத் தடுக்கும் ஒப்பந்தம் 1997-இல் வந்தது. உலகில் பெரும்பாலான நாடுகள் சேர்ந்தன. இலங்கையும் 2017-இல் சேர்ந்தது. இந்தியா சேரவில்லை. நீண்ட எல்லையைக் காக்க வேண்டும் என்று காரணம் சொல்கிறார்கள். எல்லையில் காவல் நிற்பவன் நம் வீட்டுப் பிள்ளை. அவன் கவலை நமக்கும் உண்டு. ஆனால் எல்லை ஓரத்தில் உழுகிறவனும் நம்மவன்தானே? அவன் காலுக்கு என்ன காவல்? வேறு வழியில் எல்லையைக் காத்து, இந்த ஒப்பந்தத்திலும் நம் நாடு சேர வேண்டும் என்பதே நம் கருத்து.

வேலூர் மக்கான் சந்திப்பில் சிப்பாய்களுக்கு நினைவுத் தூண் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலை 10-இல் மாலை போடுகிறோம். போட வேண்டியதுதான். அடுத்த முறை கோட்டைக்குப் போகும்போது பிள்ளைகளுக்கு முழுக் கதையையும் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் கிடந்தவனைக் கொன்றதையும் சொல்லுங்கள். சுவரடியில் நின்றவனைக் கொன்றதையும் சொல்லுங்கள்.

"இதில் அழுகுணி ஆட்டம் ஆடியது யார்?" என்று பிள்ளை கேட்கும். இரண்டு பக்கத்தையும் காட்டிப் பதில் சொல்லுங்கள்.