சாரா ஆன்ட்டியின் தெரு

மட்டாஞ்சேரி யூதத் தெருவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே தெருவில் சாரா கோஹனின் எம்பிராய்டரி கடையையும் பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன். ‘சாரா ஆன்ட்டி’ என்று ஊரே அழைத்த அவர், 2019 ஆகஸ்ட் 30 அன்று 96ஆவது வயதில் காலமானார்.

வழிபாட்டின்போது யூத ஆண்கள் தலையில் அணியும் கிப்பா, வெள்ளிக்கிழமை இரவு ஹல்லா ரொட்டியை மூடிவைக்கும் துணி, மேசைவிரிப்பு: அவர் கைபட்டவை இவைதாம். கிப்பா நழுவாமல் தலையில் உட்கார வேண்டும். ரொட்டித் துணியில் பூவேலை எந்த இடத்தில் வந்தால் கண்ணில் படும் என்பது, வாராவாரம் அந்த மேசையைச் சுற்றி அமர்ந்தவருக்கே தெரியும். வடிவமைப்பைக் கற்பிக்க அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961இல் தொடங்கப்பட்டபோது சாராவுக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் தலைமுறைக்கு வீடும் வழிபாடும்தான் வடிவமைப்பைக் கற்றுக்கொடுத்தன.

தெருவும் சாமானியமானதல்ல. ஜெப ஆலயத் தரையில் பதித்திருப்பவை 18ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த நீல ஓடுகள். கையால் தீட்டியவை என்பதால் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. கூப்பிடு தூரத்தில், மட்டாஞ்சேரி அரண்மனையின் இராமாயணச் சுவரோவியங்கள். மலையாளத்தோடு கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் காதில் விழும் ஊர் அது. இவற்றுக்கு நடுவே புழங்கும் கண்ணுக்கு நிறமும் அளவும் தானாகவே படியும்.

இஸ்ரேல் உருவான பிறகு கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தார்கள். கிப்பா அணியும் தலைகள் ஊரில் அருகிக்கொண்டே வந்தன. சாரா தையலை விடவில்லை. முதுமையில் அவரையும் கடையையும் பார்த்துக்கொண்டவர் தாஹா இப்ராஹிம் என்ற முஸ்லிம் நண்பர். ஒரு கலையைக் காப்பாற்ற அதே குலத்தில் பிறந்திருக்க வேண்டியதில்லை, அதன் அருமை தெரிந்தால் போதும் என்பதற்கு அந்தக் கடையே சாட்சி.

அந்த அருமையை உணர்த்த வேண்டிய நம் பள்ளிகளிலோ, தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது தையல் வகுப்பும் ஓவிய வகுப்பும்தான். வேண்டாம். குழந்தையின் கையில் ஊசியும் நூலும் கொடுங்கள். தன் தெருவின் கோலத்தையும் கோயில் தூணையும் நின்று பார்க்கப் பழக்குங்கள். நாளைய வடிவமைப்பாளருக்கு முதல் பாடம் அங்கேதான் இருக்கிறது.