ப்ரோப் தானே கண்டுபிடித்துக்கொள்ளுமா?

ஒஸ்லோவில் வன்பொருள் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலரிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது: டீபக் ப்ரோபைப் போர்டில் செருகினால் போதும், செயினில் எத்தனை சிப் இருந்தாலும் அது தானே கண்டுபிடித்துக்கொள்ளும். இணைப்பு கிடைக்காவிட்டால் ப்ரோப் மட்டம், விலை கூடியதாக வாங்க வேண்டும். இது தவறு. சென்னையிலும் இதே பேச்சுத்தான். ஆனால், ஏவிஆர் சிப்பை ட்ரொண்ட்ஹைமில் இரண்டு மாணவர்கள், ஆல்ஃப்-எகில் போகனும் வேகார்ட் வொல்லனும், உருவாக்கிய நாட்டில் இருந்துகொண்டு இப்படிப் பேசுவது எனக்கு வலிக்கிறது.

ப்ரோப் இந்தச் செயினோடு பேசும் வழியான, 1990இல் தரநிலையான ஜேடேக், அடிப்படையில் சாலிடர் பிடித்திருக்கிறதா என்று சோதிக்கப் பிறந்தது. அதில் ஒவ்வொரு சிப்பும் 32 பிட் அடையாள எண் ஒன்றைத் தரலாம். தந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அந்த எண்ணில் தயாரிப்பாளர், பாகம், பதிப்பு எல்லாம் உண்டு. கட்டளைப் பதிவேடு எத்தனை பிட் நீளம் என்பது மட்டும் கிடையாது. செயினை ஓட்ட அதுதான் முதலில் தேவை. தானாகக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருள்கள், யாரோ உட்கார்ந்து தொகுத்த பட்டியலைப் பார்த்துச் சொல்கின்றன. பட்டியலில் இல்லாத சிப் வந்தால் ஊகம்தான். ஓப்பன்ஓசிடி என்ற மென்பொருள் தானாகத் தேடத் தொடங்கும்போதே, இது பலிக்காமல் போகலாம் என்று பெரிய எழுத்தில் எச்சரிக்கிறது. அதை யார் படிக்கிறார்கள்?

ஒரு போர்டை எடுத்துக்கொள்வோம். டிடிஐ, அதாவது தரவு உள்ளே போகும் கம்பி, முதலில் ஸ்பார்ட்டன்-6க்குப் போகிறது, அடுத்து ஏவிஆர் வகையைச் சேர்ந்த ஏடிமெகா1284பி, கடைசியில் எக்ஸ்சி9572எக்ஸ்எல். பதிவேட்டு நீளம் முறையே 6, 4, 8. ஏடிமெகாவை டீபக் செய்ய நான்கு எண்கள் கொடுக்க வேண்டும்: முன்னால் 1 சிப், பின்னால் 1, முன்னால் 6 பிட், பின்னால் 8. அந்த 6ஐயும் 8ஐயும் இடம் மாற்றிப் போட்டால் மொத்தம் அதே 18தான். மொத்தத்தை மட்டும் பார்க்கும் கருவி முகம் சுளிக்காது. ஆனால் கட்டளை இரண்டு பிட் நகர்ந்து விழுகிறது. ஏடிமெகாவிடம் அடையாளம் கேட்கும் 0001 போய்ச் சேரும்போது 1100 ஆகிவிடுகிறது. அந்தச் சிப்பில் 1100 என்பது ரீசெட் கட்டளை. எக்ஸ்சி9572எக்ஸ்எல்லுக்கும் எட்டு ஒன்றுகளுக்குப் பதில் 01111111 போகிறது. எல்லாம் ஒன்று என்றால் பைபாஸ், அதாவது ஒதுங்கியிரு என்று பொருள்; அந்தக் கட்டளை அதற்குப் போய்ச் சேர்வதில்லை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ப்ரோபாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

இன்னொரு சிக்கல் ஃபர்ம்வேரிலிருந்தே வரும். ஏடிமெகாவில் ஜேடிடி என்ற பிட்டை நிரல் 1 ஆக்கினால், ஜேடேக் கால்கள் சாதாரணக் கால்களாகிவிடும். நடுவில் உள்ள ஒரு சிப் இப்படி வாயை மூடினால் செயின் முழுவதும் அறுந்துபோகும், மற்ற இரண்டும் நன்றாக இருந்தாலும். ரீசெட் கம்பியும் ப்ரோபுக்கு வந்திருந்தால், சிப்பை ரீசெட்டில் பிடித்து வைத்துக்கொண்டே உள்ளே போகலாம். கனெக்டரில் ஒரு கால் மிச்சம் பிடிக்கிறேன் என்று அந்தக் கம்பியை வெட்டிவிடும் வடிவமைப்பாளர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு.

பதிவேட்டு நீளம் ஒவ்வொரு சிப்பின் ஜேடேக் விவரங்களைச் சொல்லும் பிஎஸ்டிஎல் கோப்பிலும் இருக்கிறது, பெரும்பாலும் இலவசமாக. வரிசை ஸ்கீமேட்டிக்கில் இருக்கிறது. இரண்டையும் பார்த்து அந்த நான்கு எண்களையும் ஸ்கீமேட்டிக்கின் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். புது ப்ரோபுக்கு ஆர்டர் கொடுப்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.