கடைசலுக்கு வாசல் மரம் போதும்

கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றங்கரையை ஒட்டி நிம்தலா என்னும் பகுதி உள்ளது. வங்காள மொழியில் ‘நிம்’ என்றால் வேம்பு. ‘தலா’ என்றால் அடி. வேப்பமரத்தடி எனப் பெயர் பெற்ற அவ்விடம் இன்று மரக்கடைகள் மிகுந்த பகுதி. ஆயினும் வேம்பை மதிப்பவர் சிலரே. உயர்ந்த மரம் என்றதும் பலர் நினைவுக்கு வருபவை பர்மாத் தேக்கும் ஈட்டியும் கருங்காலியுமே.

மரத்தைச் சுழலவிட்டு, உளியை வைத்து உருவம் எடுப்பது கடைசல் வேலை. (தயிரைக் கடைவதும் மரத்தைக் கடைவதும் தமிழில் ஒரே வினைச்சொல்தான்.) சப்பாத்திக் குழவி, பம்பரம், கட்டில் கால், சிறுவர் விளையாடும் செப்புச் சாமான் ஆகியவை கடைசலில் பிறப்பவை. இவற்றுக்கு அயல்நாட்டுக் காட்டு மரம் வேண்டும் என்பது வீண் பெருமை.

இதற்குச் சான்று கொல்கத்தாவிலேயே உண்டு. சித்பூர் சாலை என முன்னர் வழங்கிய ரவீந்திர சரணியில் இசைக்கருவிக் கடைகள் பல உள்ளன. தபேலாவின் வலப்பக்கக் கட்டையை வங்காளத்தில் வேப்ப மரத்திலும் கடைகின்றனர். தமிழகத்து மிருதங்கமோ பலா மரத்தால் ஆனது. தெருவோர வேம்பும் தோட்டத்துப் பலாவும் கச்சேரி மேடை ஏறியிருக்க, ஒரு கிண்ணம் கடையக் கருங்காலி எதற்கு? ஈட்டி முற்றுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். காடுகளில் அது அருகியதால், 2017ஆம் ஆண்டு முதல் ஈட்டி இன மரங்கள் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின்கீழ் உள்ளன. மியான்மரும் 2014இல் வெட்டுமர ஏற்றுமதியைத் தடை செய்தது.

2020 மே 20 அன்று வீசிய ஆம்பன் புயலில் கொல்கத்தாவின் மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. அவ்வாறு விழும் வேம்பும் மாவும் வாகையும் விறகாகிப் போவது பெரும் இழப்பு. நாட்டு மரம் வெடிக்கும், வண்டு துளைக்கும் என்பர். அது உண்மையே, மாமரத்தில் நீலக்கறையும் படரும். ஆனால் குறை மரத்தினுடையது மட்டுமன்று, அவசரத்தினுடையதும் ஆகும். ஈரமரத்தை முதலில் தடிப்பாகக் கடைய வேண்டும். 10 அங்குல அகலக் கிண்ணம் என்றால் சுவர் 1 அங்குலமாவது இருக்கட்டும். வெட்டுமுகத்தில் மெழுகு பூசி, நிழலில் சில மாதங்கள் உலர்த்தி, மீண்டும் கடைந்தால் வெடிப்பு பெரிதும் குறையும்.

நிறமும் மினுமினுப்பும் விலையுயர்ந்த மரத்துக்கே உரியவை என்பாரும் உளர். கர்நாடகத்துச் சன்னபட்டணத்துப் பொம்மைகளைப் பார்த்தவர் அவ்வாறு கூறார். அவை வெளிறிய வெட்பாலை மரத்தில் கடையப்படுபவை. சுழலும் மரத்தின்மீது வண்ண அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வின் வெப்பத்தில் அரக்கு உருகிப் படியும். பின்னர்த் தாழை மடலால் தேய்க்க, பளபளப்பு வரும். அந்த அரக்கு மேற்கு வங்கத்துப் புருலியாவிலேயே விளைகிறது.

எல்லா வேலைக்கும் எல்லா மரமும் ஆகா. நாகசுரத்துக்குக் கடினமான ஆச்சா மரமே வேண்டும். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகசுரத்தைச் செய்வோர், பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தை வாங்கிக் கடைகின்றனர். வடகொல்கத்தாவிலும் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு வருகின்றன. தேக்கேதான் வேண்டும் என்போர் அவற்றின் உத்தரங்களைத் தேடிச் செல்லலாம்.